தூங்கக் கூடாத படுக்கை

என் மகளுக்கு வாங்கிய படுக்கையில் முதலில் ஏறியது என் அப்பா. ஏறிக் குந்திக்கொண்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மூன்று முறை எம்பி எம்பி உட்கார்ந்தார்.

"நைனா, அது குழந்தைக்கு," என்றேன்.

"தெரியும்டா. வெயிட்டு தாங்குதான்னு பாக்க வேணாமா?"

அப்பா துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கப்பல் சரக்கைக் கிரேனில் மாட்டிவிடும் வேலை பார்த்தவர். பாரம் ஏற்றிச் சோதிக்காத கயிற்றை அங்கே யாரும் தொட மாட்டார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் கல்யாணக் கட்டிலில்கூட முதல் நாள் சாயங்காலம் நான்கு அரிசி மூட்டை கிடந்தது. குழந்தையின் படுக்கையிலும் தான் இறங்கியபின் ஒரு மூட்டையை வைத்து, ஒரு பீடி முடியும்வரை பார்த்துவிட்டு, "எத்தினி வெயிட்டு வெச்சாலும் கியியாது. பாப்பாவ போடு," என்று அனுமதி கொடுத்தார்.

மூன்று மாதக் குழந்தையோடு என் மனைவி கொருக்குப்பேட்டை அம்மா வீட்டிலிருந்து திருவொற்றியூருக்கு வந்த வாரம் அது. எங்கள் வீட்டுக் கூரை தகரம். தூளி கட்ட உத்தரம் கிடையாது. அதனால் போனில் தேடி இதை வாங்கினேன். பஞ்சு அடைத்த வட்டமான கரை, நடுவில் பள்ளம், மேலே வளைவில் ஒரு கிலுகிலுப்பை. பெட்டியின் மேல் ஒரு குழந்தை அதில் கண்மூடித் தூங்கும் படம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கண்டெய்னர் கிடங்கில் கணினியில் சரக்கு விவரம் பதிகிறேன். அச்சில் எது இருந்தாலும் நம்பிவிடுவேன். படத்தையும் நம்பினேன்.

என் அம்மா மட்டும், "இன்னாடா இது, மெதுவட மாறி கீது?" என்றாள். அன்றிலிருந்து அதற்கு வடை என்றே பெயர்.

வடையில் குழந்தை நன்றாகத் தூங்கினாள். தூங்கினாள் என்பதால் என் மனைவியும் தூங்கினாள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய நல்லது எதுவும் அப்போது இல்லை.

தடுப்பூசி போடப் போனபோது, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா குழந்தை எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டார். நான் பெருமையாகப் போனில் படம் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"கெட்டியா, தட்டையா இருக்கணும். மல்லாக்கப் படுக்கவைக்கணும். பக்கத்துல தலையணை, பொம்மை, பஞ்சு எதுவும் கூடாது. புரண்டு மூஞ்சியை இதுல வெச்சா மூச்சு முட்டும். எடுத்துடுங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தேன். உள்ளே ஏழு மொழியில் ஒரு தாள், தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் எறும்பு அளவு எழுத்தில் எழுதியிருந்தது: இது குழந்தை விழித்திருக்கும்போது பெரியவர் கண்பார்வையில் பயன்படுத்துவதற்கு, தூங்கவைப்பதற்கு அல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்காவது இருக்குமா என்று தேடினேன். மெத்தையில் இல்லை. கரையில் இல்லை. கிலுகிலுப்பையில் இருந்தது. படுக்கையில் வைக்கவே கூடாத அந்தப் பொம்மைக்கு மட்டும் அரசாங்க முத்திரை.

தாளை எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். இதில் தூங்கவைப்பது சேஃப்டி இல்லை என்றேன்.

"தூங்கக் கூடாதுன்னா இன்னாத்துக்கு மெத்தை?" என்றாள் அம்மா. "நீ தப்பா படிச்சிருப்ப. இன்னொரு தபா படி."

இன்னொரு தடவை படித்தேன். அதேதான் இருந்தது.

"நானே குந்திப் பாத்தேன், ஒண்ணியும் ஆவல," என்றார் அப்பா. பேச்சு அத்தோடு முடிந்தது.

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல், "உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார். ரிட்டனுக்குக் காரணம் சொல்லுங்க," என்றது.

"குழந்தைக்கு மூச்சு முட்டலாம்."

"அந்த ஆப்ஷன் இல்ல சார். சைஸ் சரியில்லை, கலர் பிடிக்கலை, வேற இடத்துல விலை கம்மி. இதுல எது சார்?"

கலர் பிடிக்கவில்லை என்றேன். வியாழக்கிழமை ஆள் வரும், பொருள் வாங்கிய நிலையிலேயே இருக்க வேண்டும் என்றது குரல்.

தினமும் வடையை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். வந்து பார்த்தால் குழந்தை வடைக்குள் இருப்பாள். பாயில் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து கத்துகிறாள் என்பாள் மனைவி. "நீங்க பாட்டுக்குப் போயிடுறீங்க. பகல் பூரா அவளத் தூக்கிக்கினு நிக்கிறது யாரு?" அவளும் அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதுதான் என் தப்பு.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தேன். மனைவி குழாயடியில் இருந்தாள். குழந்தை வடைக்குள் பக்கவாட்டில் திரும்பி, மூக்கை அந்தப் பஞ்சுக் கரையில் புதைத்திருந்தாள். செருப்போடு ஓடி வாரி எடுத்தேன். தூக்கம் கலைந்த கோபத்தில் என் சட்டையில் கக்கினாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கத்தினேன்.

"மூக்கு பொதைஞ்சிருக்கு நைனா! மூச்சு முட்டும், மூச்சு முட்டும்னு அன்னிலேர்ந்து சொல்றேன்ல?"

"மூச்சா? நீ சேப்டி இல்லன்னு சொல்லிக்கினு இருந்த. நான் கியிஞ்சிடும்னு பயப்படுறன்னு நெனச்சேன்."

உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். பிறகு முட்டி வலியோடு மெல்ல மண்டியிட்டுக் குப்புறப் படுத்து, தன் மூஞ்சியை அந்தக் கரையில் வைத்து அழுத்திக்கொண்டார். குடத்தோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். பத்து எண்ணும் நேரம் அப்படியே கிடந்தார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

"முட்டுது," என்றார். "கண்டம்."

துறைமுகத்தில் இனி உபயோகிக்கக் கூடாது என்று ஒதுக்கிய சாமானுக்கு அதுதான் பேர். அப்படி ஒதுக்கிய கயிற்றை அங்கே என்ன செய்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை. குழந்தையைப் பாயில் மல்லாக்கப் போட்டோம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் வேலைக்குத் திரும்பினேன்.

மறுநாள் கூரியர்காரர் வந்தபோது, மூலையிலிருந்து வடையை எடுக்கப் போனேன். கையில் பாதிதான் வந்தது. அம்மாவின் மீன் கத்தியால் நட்ட நடுவில் வெட்டியிருந்தது.

"நைனா! ரிட்டன் எடுக்க வந்துட்டாங்க!"

"அதான் வெட்டினேன். கண்டமான கயித்த வெட்டித்தான் போடுவோம். முழுசா குட்த்தா இன்னா பண்ணுவான்? தொடைச்சி, பொட்டில போட்டு, வேற வூட்டுக்கு அனுப்புவான். அங்க ஒரு பாப்பா படுக்கும்."

ஒரு வாரமாகத் திருப்பி அனுப்புவதைப் பற்றியே பேசியவன் நான். திருப்பி அனுப்பினால் அது எங்கே போகும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

கூரியர்காரர் போனையும் இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கலர் புடிக்கலன்னு போட்டிருக்குது. கலர் புடிக்கலன்னா வெட்டுவீங்களா சார்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கூட்லயும் இதே ஐட்டம்தான் கீது. பையனுக்கு அஞ்சு மாசம்," என்றார். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார். நல்லா தூங்குறான்."

"குப்புறப் படு," என்றார் அப்பா.

"இன்னா பெர்சு?"

"ஒரு தபா மூஞ்சிய வெச்சிப் பாருப்பா. அப்பால பேசு."

முதுகில் பை, தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டை மட்டும் கழற்றிவிட்டு, எங்கள் வாசலில் குப்புறப் படுத்து, அரை வடையில் முகத்தை வைத்தார். கிரேன் இறங்கும்போது எண்ணுகிற குரலில் அப்பா எண்ணினார். ஏழு வருவதற்குள் கூரியர்காரர் தலையைத் தூக்கிவிட்டார். எழுந்து மண்ணைத் தட்டாமலே தன் மனைவிக்குப் போன் போட்டார்.

"எங்க கீறான் அவன்? அதுலயா? எட்த்துப் பாய்ல போடு. மல்லாக்க. இல்லமா, ஒண்ணுமில்ல, நீ மொதல்ல எடு. எட்த்துட்டியா?" எடுத்துவிட்டாள் என்று கேட்கும்வரை போனை வைக்கவில்லை.

பிறகு என்னிடம், "ரிட்டன் கேன்சல் ஆயிடும் சார், பரவால்லியா?" என்றார். தலையாட்டினேன்.

அப்பா மீன் கத்தியைத் துடைத்து அவரிடம் நீட்டினார். வேண்டாம் என்றார். அதை வெட்ட அவர் வீட்டிலேயே அருவாமனை இருக்கிறதாம்.