ஆவணி பிறந்தும் சும்மா இருந்தேன்

“…படிக்காமலே சும்மா இருக்கிறவுக நம்ம ஊருல எத்தனை பேரு இருக்காக, அவுகளையெல்லாம் யாரும் ஞானின்னு கும்பிடலையே. உங்களுக்கு மட்டும் சும்மா இருக்கிறதுக்கு ஒரு பொஸ்தகம், அதுல பென்சில் கோடு வேற” என்று என் மனைவி சொன்னபோது, நான் சாக்கோட்டையில் என் மாமனார் வீட்டுக்குள் நுழைந்து, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமாகி நாலாவது மாசம். அவள் என்னோடு வீட்டுக்கு வருவாளா, மாட்டாளா என்று அந்த நிமிஷம் வரைக்கும் அங்கே யாருக்கும் தெரியாது.

அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதற்குள் நான் அந்தப் புத்தகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் எனக்கு ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாமே ஒரே மிஷினில்தான் வருகிறது. வாசகம் எழுதுவதும் நானே. பத்தாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்றாகிவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் வருகிறவர் போகிறவர் வாயைப் பார்த்துக் கற்றதுதான். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துவைப்பேன். படியை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து ஒரு டவுன் பஸ் கண்டக்டர், இறங்குறவுகளுக்கு வழி விட்டாத்தான் ஏறுறவுகளுக்கு இடம் என்று சொன்னாரே, அதைக்கூட ஒரு கல்யாண போர்டில் போட்டேன். மாப்பிள்ளை வீட்டில் ரசிக்கவில்லை.

கல்யாணமான புதிதில், கருத்தரங்கத்துக்கு போர்டு அடிக்க வந்த ஒரு பேராசிரியர் மேஜை மேல் ஒரு சின்னப் புத்தகத்தை விட்டுப் போனார். தாவோ என்கிற சீனத்துத் தத்துவத்தைப் பற்றித் தமிழில் எழுதியது. அட்டையில் எருமை மேல் ஒரு கிழவர் உட்கார்ந்து, எருமை எங்கே போகிறது என்ற கவலையே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். போன் பண்ணிச் சொன்னேன். இருக்கட்டும், நீங்களே படிங்க என்றார். விட்டுப்போன பொருளைத் தேடாமலிருப்பதே தாவோ என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

என் புத்திக்கு எட்டியவரை அதன் சாரம் இவ்வளவுதான்: எதையும் பிடித்து இழுக்காதே, தண்ணீர் மாதிரி இரு, சில சமயம் செய்யாமலிருப்பதுதான் பெரிய செயல். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஃப்ளெக்ஸ் மிஷினில் துணி தானாக நகர்ந்து வரும். அவசரப்பட்டு நாம் கையை வைத்து இழுத்தால் மணமகன் முகத்தின் குறுக்கே கோடு விழும். பொறுத்தால் முழு மாப்பிள்ளை கிடைப்பார்.

வீட்டில் நான் அப்போது இழுத்துக்கொண்டே இருக்கிற ஆள். மனைவி இங்கே ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அவள் இடைவேளைக்கெல்லாம் நான் போன் பண்ணிச் சாப்பிட்டியா என்பேன். பத்து மணிக்கு யாராவது சாப்பிடுவார்களா, போன் பண்ணாதீக என்பாள். ஸ்கூட்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து, பிரேக் பிடி, ஹாரன் அடி என்று டிரைவிங் ஸ்கூல் நடத்துவேன். அவள் கொஞ்சம் பேசாமல் இருந்தால், என்ன கோபம், என்ன கோபம் என்று கேட்டுக் கேட்டு நிஜமாகவே கோபத்தை வரவழைத்துவிட்டுத்தான் ஓய்வேன்.

புத்தகம் வந்த பிறகு எல்லாவற்றையும் விட்டேன். போனை நிறுத்தினேன், அவளே மத்தியானம் கூப்பிட்டாள். பின்சீட்டில் வாயை மூடினேன், வண்டி நேராகப் போனது. அவள் பேசாமல் இருந்தபோது நானும் பேசாமல் வெங்காயம் உரித்தேன். ஐந்தாவது வெங்காயத்தில், பள்ளிக்கூடத்தில் பிரின்சிபல் பேசிய ஒரு சொல்லைத் தானாகவே சொல்லி அழுதாள். அன்றைக்கு என்னைப் பார்த்து, “இப்பத்தான் நீங்க மனுசன் மாதிரி இருக்கீக” என்றாள். அதோடு எனக்குத் தலைகால் புரியவில்லை. தாவோவில் தேர்ச்சி பெற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்தில் வழக்கம். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை பூ, பழத்தோடு போய், பெரியவர்கள் முன்னால் வாய்விட்டுக் கூப்பிட்டு அழைத்துவர வேண்டும். கூப்பிடாமல் பெண் தானாக வந்தால் அவளுக்குக் கௌரவக் குறைவு. மாப்பிள்ளை கூப்பிடப் போகாவிட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: வேண்டாம் என்கிறான்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். என் அப்பா அம்மா திருப்பூரில் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். ஆவணி முதல் தேதியே அம்மா போனில் ஞாபகப்படுத்தினாள். ஆனால் ஆடியில் கல்யாண போர்டு ஒன்றுகூட வராது. அந்த ஒரு மாசத்தில் புத்தகத்தை நாலு தடவை படித்திருந்தேன். போய்க் கூப்பிட்டால் அது இழுப்பது, தானாக வந்தால்தான் அது அன்பு என்று எனக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது. பக்கத்து டீக்கடை அண்ணன், பாலைப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது, திரும்பினால்தான் பொங்கும் என்று ஒருநாள் சொல்லியிருந்தார். சீனாவும் என் கடை இருக்கிற செக்காலையும் ஒரே சொல்லைச் சொன்னால் அது பொய்யாக இருக்குமா? நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஆவணி மூன்றாம் நாள் அவளிடமிருந்து வாட்ஸப் வந்தது: “என்ன செய்றீக?”

“சும்மா இருக்கேன்” என்று போட்டேன். மறுநாள், “இன்னைக்கு?” என்று கேட்டாள். “இன்னைக்கும்” என்றேன். எவ்வளவு ஆழமான பதில் என்று எனக்கே புல்லரித்தது. அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கலக்காமல் விட்டதால் தண்ணீர் தெளிகிறது என்று நினைத்தேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. அவள் தினமும் சாக்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் வந்தாள். பஸ் என் கடையைத் தாண்டித்தான் போகும். காலை எட்டரைக்கு ஜன்னலோரம் அவள் முகம் தெரியும். பஸ்ஸை நிறுத்தவோ கையை ஆட்டவோ கூடாது என்று கட்டுப்பாடாக இருந்தேன். கையில் புத்தகத்தோடு, அட்டைக் கிழவர் மாதிரி ஒரு சிரிப்பு மட்டும் சிரிப்பேன். அவள் அதைப் பாரம் இறங்கிய ஆளின் சிரிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆவணி பதினொன்று. முகூர்த்த நாள் நெருங்கியதால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடை அண்ணன் டம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். அவர் கொழுந்தியா வீடு சாக்கோட்டையில், என் மாமனார் வீட்டுத் தெருவிலேயே. அங்கே, மாப்பிள்ளை பெண்ணை வேண்டாமென்று விட்டுவிட்டான் என்று பேச்சாகிவிட்டதாம். என் மாமனார் சொந்தத்தில் இரண்டு பெரியவர்களிடம் சொல்லிவைத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் என்னிடம் வந்து, சேர்த்துக்கொள்வாயா, இல்லை பேசிப் பிரித்துவிடுவோமா என்று கேட்கப்போகிறார்களாம்.

நான் பாலையும் பொங்குவதையும் எடுத்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஏப்பா, அடுப்பைப் பத்த வச்சுட்டுத்தானப்பா திரும்பணும்” என்றார்.

அது உறைத்தது. ஆனால் அதைவிட உறைத்தது அவர் போகிற போக்கில் சொன்ன இன்னொன்று. தெருவில் யார் கேட்டாலும் என் மனைவி, அவுகளுக்குக் கடையில் வேலை அதிகம் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து பார்க்கிறாள். நான் கடையில் புத்தகம் படித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

மிஷினை அப்படியே ஓடவிட்டு பஸ் ஏறினேன். சனிக்கிழமை, அவளுக்கு லீவு. பூ வாங்கவில்லை, பழம் வாங்கவில்லை. கையில் மை, சட்டைப் பையில் புத்தகமும் பென்சிலும். நல்ல நேரம் கெட்ட நேரம்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ராகுகாலம் என்று தெரிந்திருக்கும்.

என்னைப் பார்த்ததும் எதிர்வீட்டில் இரண்டு தலை எட்டிப்பார்த்தது. அத்தை என்னை உள்ளே விட்டு, தெருக்கதவை முக்கால்வாசி சாத்தினார்கள். வாங்க என்றார்கள். ஓட்டு லிஸ்ட் சரிபார்க்க வந்தவரைச் சொல்வார்களே, அந்த வாங்க. மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அவள் உள்கதவு நிலையில் வந்து நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தை, வீட்டுக்குப் போவமா என்பது மாதிரி ஏதோ முனகலாக வந்தது.

பத்து நாளா ஏன் வரலை என்று அவள் கேட்டாள். அங்கேதான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விளக்கினேன். இழுக்காமலிருப்பது, தண்ணீர், எருமை எல்லாம் சொன்னேன். மாமா முதல்முறையாகத் திரும்பி, “சைனாவுலயா மாப்பிள்ளை?” என்றார். ஆமாம் மாமா என்றேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை கூரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவள் நான் முதலில் எழுதிய பேச்சை ஆரம்பித்தாள். படிக்காமலே சும்மா இருக்கிறவர்களைச் சொன்னாள், பென்சில் கோட்டைச் சொன்னாள். அதற்கப்புறம் குரல் இறங்கியது.

“தண்ணி மாதிரி இருந்தேன்னு சொல்றீக. தண்ணின்னா பள்ளம் பாத்து வந்துருமே, யாரும் கூப்பிட வேணாம். நீங்க கல்லு மாதிரில இருந்தீக. நான் போன் பண்ணாதீகன்னு சொன்னேன், வராதீகன்னா சொன்னேன்? வேலை அதிகம், வேலை அதிகம்னு பொய் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. இப்பக் கூப்பிட்டீகளே, அது எனக்கே கேக்கலை. தெருவுக்கு எப்படிக் கேக்கும்?”

புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய், அத்தை சாத்தியிருந்த தெருக்கதவின் இரண்டு பக்கத்தையும் சுவரில் இடிக்கிற அளவுக்கு அகலத் திறந்துவிட்டாள். உள்ளே போனாள். ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்த பையைத் தூக்கிவந்து, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி வாசல்படியில் வைத்தாள். பிறகு திரும்பிவந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நான் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள்.