மல்லிகா படித்த உளவியல்

மலைக்குப் போகும் முதல் பேருந்தில் கண்டக்டர்தான் சொன்னார். "சிஸ்டர், உங்க ஆஸ்பத்திரில சீட்டு எழுதுவாங்களே மல்லிகாம்மா, நெஞ்சுவலியில தவறிட்டாங்களாம்." என்னால் நம்ப முடியவில்லை. கச்சிராயபாளையத்தில் இறங்கித் திரும்பி, தியாகதுருகத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். அவர் சன்னலுக்குப் பின்னால் புறநோயாளிச் சீட்டு எழுதுபவர். நாற்பத்திரண்டு வயதில் ஆன்லைனில் உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். மலையேறினால் சிக்னல் போய்விடும் என்று அடிவாரத்திலேயே பாடத்தைப் போனில் இறக்கிக்கொண்டு, வழியெல்லாம் ஒரு காதில் கேட்டபடி வருவார். அந்தப் பேருந்தில் வரும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் சும்மா இருப்பேனா? "படிச்சு இன்னா ஆவப் போவுது மல்லிகா? சீட்டுல பேரு இன்னும் அழகா எழுதுவியா?" என்பேன். சிரிப்பார். "ஆலோசகர்னு ஒரு போர்டு மாட்டிக்கினு உக்காரணும் சிஸ்டர். அதான் ஆச."

பட்டம் வந்ததும் ஓர் ஆலோசகர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனார். முதுகலை வேண்டும், நேரடிப் பயிற்சி வேண்டும், இது மட்டும் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சன்னலைத் திறந்துகொண்டே, "கொஞ்சம் ஜாஸ்தியா ஆசப்பட்டுட்டேன் போல" என்றார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் வலிக்கிறது.

அதன் பிறகுதான் சீட்டில் பெயர், வயது, ஊர் எழுதும்போது கூடவே, "நல்லா தூங்கறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். மலையில் யாரும் மனசு சரியில்லை என்று வருவதில்லை, தலைவலி என்றுதான் வருவார்கள். ஒரு பெண் அப்படி ஐந்தாறு தடவை வந்துவிட்டாள், நானும் மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். மல்லிகா கேட்டதும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சீட்ட எழுதும்மா, கத அப்புறம் பேசு" என்று வரிசையில் ஒருவர் கத்தினார்.

"தோ வந்துட்டேங்க. இவங்களுக்குத்தான் இப்ப அவசரம்."

வெளியே வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "புள்ள போனதுலேர்ந்து இருக்கவே புடிக்கலக்கா" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. மல்லிகா என்னென்ன கேட்டாரோ, அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு மருத்துவரிடம் சொல்லி, கள்ளக்குறிச்சியில் மனநல மருத்துவரிடமும் தானே கூட்டிப் போனார். அந்தப் பெண் இந்த வருடம் மறுபடியும் சாமை அறுப்புக்குப் போனாள்.

போர்டு கடைசிவரை வரவில்லை. பேருந்தில் அவர் உட்காரும் இடத்தில் இன்னும் என் பையைத்தான் வைக்கிறேன். யாராவது கேட்டால் எடுத்துவிடுகிறேன், மனசே இல்லாமல்.

போன வாரம் காய்ச்சல் என்று ஒரு பெரியவர் வந்தார். தொட்டால் உடம்பு சுடவே இல்லை. "நல்லா தூங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண் கலங்கியது. "இல்லம்மா" என்று முக்காலியில் உட்கார்ந்து, நான் ஏதோ கேட்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மல்லிகாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முதல் கேள்வி மட்டும்தான். இரண்டாவது கேள்வியை அவர் படித்திருந்தார்.