கப்பல் வருகிற கதைகள்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். மயிலாப்பூர்க் கடற்கரையில் எங்கள் குப்பத்துப் பெண்களிலேயே நான்தான் முதல் என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் யாராவது கேட்டால் சொல்லத் தயங்குவதில்லை.

அம்மா மீன் கொடுக்கும் முதலியார் வீட்டு அம்மாள் ஒரு நாவலை எனக்கு இரவல் தந்தார். அதைக் குடிசை வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தேன். படிக்கத் தெரியும் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் நின்று கேட்டவள் அத்தை ஒருத்திதான்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா முந்தின வருஷத்து ஐப்பசிப் புயலில் கட்டுமரத்தோடு போனவர். உடல் கரை ஒதுங்கவில்லை. ரங்கூன் கப்பல் ஒன்று யாரையோ தூக்கிக்கொண்டு போனதாகத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் அத்தையின் நெற்றியில் பொட்டும் கையில் வளையலும் இருந்தன. கடலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று வாய்விட்டுக் கேட்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கேட்டால் வராமலே போய்விடுவாராம். அத்தை கேட்டதில்லை.

நாவலில் ஒருவன் கப்பலேறிப் போனான். "அந்த ஆளு வந்துட்டானா?" என்று தினமும் என்னிடம் கேட்டாள். கடைசி அத்தியாயத்தில் வந்தான். பின்னட்டையில் வேறு நாவல்களின் பெயர்கள் அச்சாகியிருந்தன. அவற்றையும் படித்துக் காட்டினேன்.

"அதுல எதுல கப்பல் கீது?" என்றாள்.

பெயரில் கடல் வருகிற ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதன் பின்னட்டை இன்னொன்றைக் காட்டியது. தன்னிடம் இல்லாததை முதலியார் வீட்டு அம்மாள் பக்கத்து வீடுகளில் வாங்கித் தந்தார். அத்தைக்குக் கதை ருசி வந்துவிட்டது, வளர்த்தவள் நான் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்.

"வாத்தியாரம்மா, மொதல்ல கையக் கய்வு. பொஸ்தகம் நாறிப்பூட்டா அந்தம்மா வாசப்படி ஏத்தாது" என்பாள் அம்மா.

எல்லாக் கதையிலும் போனவன் திரும்பி வந்தான். தாடியோடு வந்தான், பணத்தோடு வந்தான், ஊர்பேர் மறந்து வந்தான். முதலில் அத்தை சிரித்தாள். போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி மழை தொடங்கிய ஒரு நாள், புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலிலேயே பார்த்துவிட்டு அவளிடம் ஓடினேன்.

"அத்தே, இதுலயும் அவன் வந்துர்றான்."

சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"எழுதறவன் கையிலதான கீது. வந்துருவான்." மீனைத் திருப்பிப் போட்டு, "போதும் கண்ணு, மூடிடு" என்றாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே."

"நீ உனக்குப் படிச்சுக்கோ."

மறுநாள் காலை அவளே அம்மாவிடம் போய், "அண்ணி, வளையலக் கயட்டிடலாம்" என்றாள். அன்று அப்பா கடலுக்குப் போகவில்லை. பெண்கள் கூடி, அவளை நடுவில் உட்காரவைத்து அழுதார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை கதை கேட்டும் இவளுக்குப் புத்தி வரவில்லையே என்று. கூட்டத்துக்கு வெளியே மணலில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அழுகைக்கு மேலே என் குரல் கேட்கும்படி, அவன் கரையில் இறங்குகிற இடம் வரைக்கும் படித்தேன்.