ஆமைக்குப் பெயர் மாறிய கதை

எக்ஸ்ரே எடுப்பவருக்குப் பகலெல்லாம் எலும்பு, மிச்ச நேரமெல்லாம் ஆமை. ஆமை என்பது ஒரு மென்பொருள். மருத்துவமனையில் காத்திருப்பவர்களுக்கு டோக்கன் போட்டு, எண்ணைத் திரையில் காட்டி, உள்ளே கூப்பிடுவது அதன் வேலை. இருபது வருடத்துக்கு முன்னால் அவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இலவசமாக விட்டுவிட்டார். இன்று முகம் தெரியாத முப்பது பேர் அதைப் பராமரிக்கிறார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, ஆனால் சண்டைக்குப் பஞ்சமில்லை.

பெயரில்தான் வந்தது வம்பு. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்து பார்த்தால், திரையின் தலைப்பில் கொட்டை எழுத்தில் 'ஆமை' என்றிருக்கிறது. யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஓரிடத்தில் டோக்கன் கொடுக்கும் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்களாம். பெயரை மாற்றுவோம் என்று ஒருவர் எழுதினார். மடல்கள் அறுநூறைத் தாண்டின. 'மின்னல்' என்று வைக்கலாம் என்றார் ஒருவர். மின்னல் வந்தால் மின்சாரம் போய்விடுமே என்றார் இன்னொருவர். ஆமைகளின் மனம் புண்படாதா என்று ஒரு விலங்கு மருத்துவர் நாலு பக்கம் எழுதினார்.

எக்ஸ்ரேக்காரர் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். காரணத்தை மூச்சுவிடவில்லை. ஆமை அவருடைய அக்கா. ஏழு வயதில், பள்ளிக்குக் கிளம்பத் தாமதித்தவளைப் பார்த்து வாசலில் நின்று அப்படிக் கத்தியவர் இவர்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளியில் ஆமை, வேலை பார்த்த தபால் அலுவலகத்தில் ஆமை, மாமியார் வீட்டிலும் ஆமை. நாலு பேருக்கு உதவுகிற பொருளுக்கு அதை வைத்தால் அந்தப் பெயருக்கும் ஒரு மரியாதை வரும் என்று நினைத்தார். நன்றிப் பக்கத்தில், 'முதன்முதலில் இதைச் சோதித்துப் பார்த்தவர் என் அக்கா ஆமை' என்றும் எழுதினார். இப்போது கேவலம் என்று அதைத் தூக்கியெறிந்தால் அவருக்கு வலிக்காதா?

அந்தக் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரே ஒருவர் 'ஒப்பவில்லை' என்றாலும் காரியம் நின்றுவிடும். ஆனால் பதினாலு நாளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். விதியைப் போட்டதும் இவரேதான். பதினைந்து முறை புதுப்பித்தார். அடுத்த கெடு அன்று அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவசரத்தில் கைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டார். டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு. தலைக்கு மேலே திரையில் ஆமை. நாலு மணி நேரம்.

"என் பேர போட்டு என்னையே உக்கார வச்சிட்டியேடா" என்றாள் அக்கா.

வீடு திரும்பிக் கணினியைத் திறப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. ஆமை என்று எங்கே இருந்தாலும் மின்னல் என்று மாற்று என ஒரே கட்டளையைத் தட்டிவிட்டிருந்தார்கள். அது பழைய மடல்களையும் விட்டுவைக்கவில்லை. 'மின்னல் என்ற கேவலமான பெயரை உடனே மின்னல் என்று மாற்ற வேண்டும்' என்று அறுநூறு மடல்களும் ஆவேசமாக வாதாடின. மின்னலின் ஓடு எவ்வளவு உறுதியானது என்று விளக்கிக்கொண்டிருந்தார் விலங்கு மருத்துவர்.

"என்னடா முணுமுணுக்கற?" சொட்டு மருந்தால் கண் கூசிய அக்கா கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நன்றிப் பக்கத்தையும் கெடுத்துட்டாங்கக்கா. முதன்முதலில் சோதித்துப் பார்த்தவர் என் அக்கா மின்னல்னு இருக்கு."

"இன்னொரு தடவ படி."

படித்தார். "இரு, இப்பவே பழையபடி மாத்திடறேன். ஏழு மாசமா மாத்த விடாம தடுத்து வச்சிருந்தேன்."

"கைய எடுடா அதுலேருந்து!"

எடுத்தார்.

"அம்பது வருஷமா இந்தப் பேரு எப்படா தொலையும்னு காத்துக்கிட்டிருக்கேன். நீ ஏழு மாசமா தடுத்துக்கிட்டா இருந்த?"

பதினைந்து முறை ஒப்பவில்லை என்று எழுதியவர், ஒரு முறையாவது அவளைக் கேட்டிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு, தான் ஒட்டிய பெயர் ஒருவழியாகத் தொலைந்ததே என்று அழுகை வருகிற அளவுக்கு ஒரு நிம்மதியும் வந்தது. 'ஒப்புகிறேன்' என்று தட்டி அனுப்பிவிட்டு உள்ளே போனார்.

"மின்னலக்கா, சாப்பிட வா!" என்று கூப்பிட்டார்.

எழுந்து வர அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் வாயே திறக்காமல் காத்திருந்தார்.