வெட்டியவர் வீட்டுக்குப் போகவும்

பகடையை உருட்டுவதற்கு முன்னால் மேல்வீட்டுப் பெரியவர் ஆட்டத்தின் விதித்தாளை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை படித்ததுதான். அதற்கு முந்தின ஞாயிறும் படித்ததுதான். இடையில் எழுத்து எதுவும் இடம் மாறிவிடவில்லை என்று உறுதியான பிறகு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, "ம், ஆரம்பிக்கலாம்" என்கிறார். முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். பயணிகளிடம் காட்டிய சந்தேகம் முழுவதும் இப்போது காகிதத்துக்கு.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'நிபந்தனை' என்று பெயர். பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக் கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர். இருமல் மருந்தோடு வந்த தாளைப் படித்துவிட்டு, அதில் சொன்ன பக்கவிளைவு ஒன்றுகூடத் தனக்கு வரவில்லையே என்று மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அச்சுல இருக்கா?"

நான் கீழ்வீட்டுக்காரன். நாலாவது கை இல்லையென்று கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்ல வராததால் ஐந்து மாதமாக மஞ்சள் காய்கள் என்னுடையவை. சிவப்பு அவருக்கு, பச்சை மகனுக்கு, நீலம் மருமகளுக்கு.

எல்லோரும் ஆடுகிற ஆட்டம்தான். எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் போய் விழுந்தால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் புறப்பட்ட இடத்துக்கே போய்விடும். இந்த வீட்டில் மட்டும் தலைகீழ். அவர் தாளில் எட்டாவது விதி இப்படி: 'வெட்டிய காய் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும்.' அதனால் இங்கே வெட்ட யாருக்கும் தைரியம் இல்லை. மூன்று விழுந்தால் வெட்டவேண்டி வரும் என்றால், மூன்று விழக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு உருட்டுகிறோம். காய்கள் ஒன்றையொன்று உரசாமல், மன்னிப்புக் கேட்பதுபோல ஒதுங்கி ஒதுங்கிப் போகின்றன. ஓர் ஆட்டம் முடிய மூன்று மணி நேரம்.

"இதென்னப்பா ஆட்டம்? துக்கம் விசாரிக்கப் போன மாதிரி இருக்கு" என்பார் மகன்.

"டேய், இதுக்குப் பின்னால சரித்திரமே இருக்கு. ஒரு ராஜா. போற எடமெல்லாம் வெட்டிச் சாய்ச்சவன். கடைசில மனசு வெறுத்து வீட்டுக்குத் திரும்பிட்டான். அவன் வச்ச விதிடா இது."

"அந்த ராஜா அச்சுல இருக்காராப்பா?"

"விதி அச்சுல இருக்கு. மத்ததெல்லாம் நாமளே புரிஞ்சுக்கணும்."

ராஜா யார் என்று எனக்குத் தெரியும். ராஜா எதிரே உட்கார்ந்து நீலக் காயை நகர்த்திக்கொண்டிருந்தார். மருமகளுக்கு அச்சகத்தில் கணினியில் எழுத்தடிக்கும் வேலை. அந்த விதித்தாளை அடித்தவரே அவர்தான். ஆட்டப்பெட்டி அச்சகத்தில் இலவசமாகக் கொடுத்தது. ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அது 'வெட்டுப்பட்ட'ன்னு வரணும். மேல் வரியில 'வெட்டிய'ன்னு இருந்துச்சா, கண்ணு தாவிடுச்சு. இப்பப் போய்ச் சொன்னா மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பயத்தில் நியாயம் இருந்தது. மகனின் கல்யாணத்துக்கு அரை மனதோடு வந்து நின்றவர் நிபந்தனை. மருமகளோடு ஒரு வருடம் பேச்சில்லை. மருமகள் அடித்த நாட்காட்டியில் முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் துழாவி ஒரு பிழையும் அகப்படாத அன்றுதான், "சாப்பிட்டியாம்மா?" என்று முதன்முதலாகக் கேட்டாராம். இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் மருமக அடிச்சா ஒரு துணைக்கால்கூடப் பிசகாது" என்கிறார்.

இந்த ஞாயிறு, ஆட்டம் முடியப் போகும்போது, மருமகள் ஒரு புதுத் தாளை அவர் முன்னால் வைத்தார்.

"மறுபதிப்பு மாமா. நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஒரு தடவ பாத்துடுங்க."

எட்டாவது விதியில் விரல் நின்றது. "என்னம்மா இது, 'வெட்டுப்பட்ட காய்'? எந்த அரைவேக்காடு இதுல கை வச்சான்?" பேனாவைத் திறந்தார். "கம்பெனிக்கு இப்பவே எழுதறேன். இருந்ததே ஒரு நல்ல விதி, அதையும் கெடுத்துட்டான். மொதல்ல அவன் சீட்டக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பணும்."

"என்னைத்தான் மாமா அனுப்பணும்."

"எங்கம்மா?"

"வீட்டுக்கு. ரெண்டு தாளும் நான் அடிச்சதுதான். பழசுதான் தப்பு. இதுதான் சரி."

நான் என் மஞ்சள் காய்களை எண்ணத் தொடங்கினேன். நாலுதான், திரும்பவும் எண்ணினேன். அவர் பழைய தாளை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார். ஒரே இருக்கைக்கு இரண்டு டிக்கெட் வந்தால் பார்க்கிற பார்வை.

"அப்ப அந்த ராஜா?" என்றார் மகன்.

"வாய மூடுடா."

பேனாவை மூடினார். "யார் ஆட்டம்?"

"உங்க ஆட்டம்தான் மாமா."

உருட்டினார். நாலு. பலகையில் அவருக்கு இருந்தது ஒரே காய். சரியாக நாலாவது கட்டத்தில் மருமகளின் கடைசி நீலக் காய். தன் பாதைக்குள் நுழைய அதற்கு இன்னும் இரண்டே கட்டம். புதுத் தாளின்படி அது போகவேண்டியதுதான். மருமகளே அதை எடுக்கக் கை நீட்டினார்.

"இரும்மா."

ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணி நகர்த்தி, நாலாவது கட்டத்தில் நீலத்தை லேசாகத் தட்டினார். பிறகு புதுத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் சிவப்புக் காயை எடுத்து, அது புறப்பட்ட மூலையில் கொண்டுபோய் வைத்தார்.