வற்றல் ஏந்திய கை

இன்று காலை விருதுநகர்க் கடைத்தெருவில் கண்டதை, நண்பர்களே, எழுதாமல் இருக்க முடியவில்லை.

மிளகாய் வற்றல் தரம் பிரிக்கும் அன்னம்மாள், வாங்க வந்த வணிகருக்குக் காட்டுவதற்காக உள்ளங்கையில் ஒரு பிடி வற்றலை ஏந்தி நின்றார். சென்னை இதழ் ஒன்றுக்காகத் தெருக்காட்சிகளைப் படம்பிடிக்க வந்திருந்த இளைஞர் அவரிடம் ஓடிவந்தார்.

"அம்மா, மிளகாயைக் கீழே போட்டுடுங்க. கை மட்டும் அப்படியே நீட்டி இருக்கட்டும். முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்குங்க."

உழைப்பவரை இரவலராக்க அவருக்கு ஒரு நொடி போதும்! இதழ்தோறும் இதே நீட்டிய கை, வானம் பார்த்த இதே விழி. ஏழைக்கு வேறு உடலே இல்லையா?

நான் வாய் திறக்குமுன் அன்னம்மாள் முந்திக்கொண்டார்.

"ஏன்யா, எம் மகளுக்குக் காரியாபட்டியில சம்பந்தம் பேசியிருக்கு. அவுக இதப் பாத்தா, பொண்ணோட ஆத்தா பிச்சை எடுக்காளோன்னு நெனைக்க மாட்டாகளா? எடுத்தா வத்தலோட எடுங்க. இல்லாட்டி நடையக் கட்டுங்க."

"வத்தலோட எடுத்தா யாரும்மா பார்ப்பாங்க?" என்று சலித்தவர், என் தோள்துண்டைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"ஐயா மேடைப் பேச்சாளரா? விரலை உயர்த்தி நில்லுங்களேன்!"

உயர்த்தினேன், தொடர்வண்டி நிலையம் இருக்கும் திசையை நோக்கி.

அது விருந்தோம்பல் அன்று என்று கருதுவோர் தாராளமாக மறுமொழி எழுதலாம்.