பட்டை வெளிச்சம்

உக்கடத்தில் ஜன்னல் பிளைண்ட்ஸ் விற்கிறார் ஜாவித். திரைச்சீலை கேட்டு வருகிறவர்கள் தலையிலும் பட்டைபட்டையான பிளைண்ட்ஸைத்தான் கட்டப் பார்ப்பார். "சாயங்கால வெயில் அதுவழியா செவுத்துல கோடு கோடா விழும் பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாமுங்க" என்பார். வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பூப்போட்ட துணியை வாங்கிப் போவார்கள்.

மனுஷனுக்கு ஃபிலிம் நுவார் பைத்தியம். எண்பது வருடத்துக்கு முந்தைய கருப்பு வெள்ளைக் குற்றப் படங்கள். முகத்தில் பாதி இருட்டு, சுவரில் ஆளைவிடப் பெரிய நிழல், அழகி ஒருத்தியிடம் மயங்கிச் சீரழியும் நல்லவன். "நாமளும் தெரிஞ்சேதானுங்க தப்புப் பண்றோம். அதான் இன்னிக்கும் புடிக்குது" என்று விளக்கம் வேறு.

வீட்டுக் கூடத்தின் ஒரே பெரிய ஜன்னலையும் அந்தப் படங்களில் வருவதுபோலப் பட்டை போட்டு மூடிவைத்திருந்தார். அவர் மனைவி ஃபர்சானா கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரிப் பூத்தையல் வேலை செய்கிறவள். ஊசிக்கு வெளிச்சம் வேண்டும். "அந்த ஜன்னலோரத்தை எனக்கு உடுங்க" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், துணி கட்டும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குப் போனாள். சித்திரை மாதத்தில் அங்கே வெந்துபோவாள், பாவம். ஜாவித் கெட்டவர் இல்லை, காதில்தான் ஏறவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் கோடை மழை பிடித்துக்கொண்டது. கீழே வந்த ஃபர்சானா அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தாள். ஜாவித்துக்குத் தலைகால் புரியவில்லை. வசனத்தையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அந்த அழகி, முகத்தில் கோடு கோடாய் நிழல் விழ, குண்டடி பட்டுச் செத்தாள்.

"எத்தனை பேரைக் கெடுத்துப்போட்டா பாத்தியா?" என்றார்.

"அவ மொதல்லயே சொன்னாளேங்க, இந்த ஊட்டுல மூச்சு முட்டுதுன்னு. அத்தனை பேரும் அவ மூஞ்சியத்தான் பாத்தாங்க. சொன்னதை ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

சொல்லிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். அழவில்லை, மாடி வெயிலில் ஊசி பிடித்துச் சிவந்த கண்கள். ஜாவித் அதை அன்றைக்குத்தான் பார்த்தார். எந்தப் படத்திலும் ஏமாந்துபோன நல்லவன் தான்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார்.

மறுநாள் கடைக்குக் கிளம்புமுன் ஸ்டூல் போட்டு ஏறிப் பிளைண்ட்ஸைக் கழற்றினார். கூடம் முழுக்க வெயில் கொட்டியது. சுவரில் ஒரு கோடுகூட இல்லை.

"ஏனுங்க, அப்புறம் உங்க படம்?" என்றாள் ஃபர்சானா.

ஜாவித் மாடிக்குப் போய்ச் சட்டத்தைத் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தார்.